அமெச்சூர் மியூசிக்கலுக்கு எவ்வளவு ஒத்திகை வேண்டும்? இங்கிலாந்தில் முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கான வழிகாட்டி

இங்கிலாந்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரின் அமெச்சூர் நாடகக் குழுவில் சேர்ந்து, பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த மியூசிக்கல் ஒன்றின் ஒத்திகைப் பொறுப்பை முதன்முறையாக ஏற்றிருக்கிறீர்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. ஒத்திகைக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று நான் கேட்டபோது மூன்று மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் ஆளுக்கொரு பதில் வந்ததே தவிர, அந்தக் காலத்துக்குள் எதை எப்போது முடிக்க வேண்டும், எந்தக் காகிதம் எந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும் என்று யாரும் வரிசைப்படுத்திச் சொல்லவில்லை. பல பேரிடம் கேட்டும் பல அலுவலகங்களுக்கு எழுதியும் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து வருபவருக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று இங்கே தருகிறேன்.

சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு மாலை கூடும் குழுவுக்கு, விடுமுறைகளைக் கழித்துவிட்டு, 15 வார ஒத்திகையும் அதற்குப் பின் ஒரு காட்சி வாரமும் வேண்டும். இடையில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தால் மொத்தமாகக் கையில் கிடைப்பது ஏறத்தாழ 100 மணி நேரம். உரிமம், அரங்கம், குழந்தைகளுக்கான அனுமதி ஆகியவற்றுக்கு அதற்கு முன்பே நான்கைந்து மாதம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

1. மாதக் கணக்கை விடுத்து மணிக் கணக்குப் போடுங்கள்

லண்டனின் தொழில்முறை அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் ஒரு மியூசிக்கலுக்கு ஐந்தாறு வாரம் ஒத்திகை நடப்பது வழக்கம் என்று கேட்டவுடன், நமக்கு மூன்று மாதம் தாராளம் என்று தோன்றும். அவர்கள் அந்த ஐந்தாறு வாரமும் நாள் முழுவதும் உழைக்கிறார்கள். வாரம் 40 மணி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து வாரத்தில் 200 மணி நேரம் ஆகிவிடும். அரங்கத்துக்குள் நடக்கும் தொழில்நுட்ப ஒத்திகை அதற்கு மேல் தனி. நம் குழுவோ வேலை முடிந்து இரவு 7.30 மணிக்குக் கூடி 10 மணிக்குக் கலைகிறது. அறிவிப்புகளும் தேநீரும் போக ஒரு மாலையில் எஞ்சுவது இரண்டேகால் மணி நேரம். வாரம் இரண்டு மாலை வீதம் 15 வாரத்துக்கு 67 மணி நேரமும், ஞாயிறு ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் என ஏழு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 35 மணி நேரமும் சேர்த்தால் 102 மணி நேரம் வருகிறது. மேடையில் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு மணி நேர ஒத்திகை என்று நாடகக்காரர்கள் சொல்லும் தோராயக் கணக்கின்படி, இரண்டு மணி நேர மியூசிக்கலுக்கு 120 மணி நேரம் வேண்டும். ஆகவே நூறு என்பது இறுக்கமான கணக்குதான். அதில் ஒரு மாலை வீணானாலும் வலிக்கும்.

இந்த நூறு மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பவை குழுப்பாடல்கள். முப்பது பேர் பாடி ஆடும் நான்கு நிமிடப் பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) என்று நான்கு குரல்களுக்கும் தனித்தனியே மெட்டைச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்துப் பாட வைக்க ஒரு மாலை முழுவதும் போகும். ஒரு குரலினர் கற்கும்போது மற்ற மூன்று குரலினரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். அடுத்து அதே பாடலுக்கு அடவுகளைக் கற்பிக்க இரண்டு மாலை. அதன் பிறகு ஆடிக்கொண்டே பாடச் சொன்னால், மூச்சு வாங்குவதில் முதலில் மறைவது ஆல்ட்டோ குரல். அந்தக் குரலினர் தம்மை அறியாமல் சோப்ரானோவின் மெட்டுக்கு மாறிவிடுவார்கள். அதைச் சரிசெய்ய இன்னொரு மாலை. ஆக ஒரே பாடலுக்கு ஒன்பது மணி நேரம். இப்படி ஐந்து பாடல்கள் இருந்தால் கணக்கில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் இரண்டு அறைகள். ஒன்றில் இசை இயக்குநர் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது, மற்றொன்றில் இயக்குநர் இரண்டு மூன்று பேர் மட்டும் வரும் வசனக் காட்சிகளை நடத்தலாம். இரண்டாவது அறைக்கான வாடகை வீண் செலவு என்று குழுவின் பொருளாளர் சொல்லக்கூடும். அந்தச் செலவுக்காக வாதாடுங்கள்.

2. உரிமம் கைக்கு வராமல் ஆடிஷன் அறிவிக்க வேண்டாம்

மியூசிக்கல்களின் அமெச்சூர் உரிமத்தை எம்.டி.ஐ. யூரோப், கான்கார்ட் தியேட்ரிகல்ஸ் போன்ற நிறுவனங்கள் வழங்குகின்றன. எந்த நாடகம் யாரிடம் இருக்கிறது என்பதை அவற்றின் இணையதளங்களில் தேடிக் கண்டுபிடிக்கலாம். விண்ணப்பத்தில் அரங்கத்தின் பெயர், இருக்கைகளின் எண்ணிக்கை, காட்சித் தேதிகள், நுழைவுச் சீட்டு விலை ஆகியவற்றைக் கேட்பார்கள் என்பதால் அரங்கத்தைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டுதான் விண்ணப்பிக்க முடியும். உரிமம் எழுத்தில் வருவதற்கு முன் விளம்பரம் செய்ய இந்த நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதே நாடகத்தைத் தொழில்முறைக் குழு ஒன்று ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் காலத்தில், அமெச்சூர் குழுக்களுக்கு உரிமம் மறுக்கப்படுவதும் உண்டு. ஆகையால் இரண்டாவது விருப்பமாக ஒரு நாடகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு இரண்டு வகை. முதலாவது உரிமத்தொகை, இது பெரும்பாலும் சீட்டு வசூலில் ஒரு குறிப்பிட்ட விகிதமாகவும், அதற்குக் கீழே போகாத ஒரு குறைந்தபட்சத் தொகையாகவும் இருக்கும். இரண்டாவது வசனப் புத்தகம், பாடல் புத்தகம், வாத்தியக் குறிப்புகள் ஆகியவற்றின் வாடகை. இரண்டின் மீதும் 20 சதவீத வாட் வரி சேரும். வாட் பதிவில்லாத சிறிய குழு அதைத் திரும்பப் பெற முடியாது. அனுப்பப்படும் மதிப்பீட்டில் வரி சேர்க்காத தொகை மட்டும் பளிச்சென்று தெரிவதால், வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோவதைப் பல குழுக்கள் பிறகுதான் கவனிக்கின்றன.

ஒத்திகைக் காலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய சிக்கல் வாடகைப் புத்தகங்களில் இருக்கிறது. அவை குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தரப்படும். சில நாடகங்களுக்கு அந்தக் காலம் காட்சிக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள்தான். ஜனவரியில் ஒத்திகை தொடங்கி மே மாதத்தில் காட்சி என்றால், புத்தகம் இல்லாமல் முதல் சில வாரங்கள் கழியும் நிலை வரும். கையில் இருக்கும் ஒரே பிரதியை நகலெடுத்துக் கொடுப்பது காப்புரிமை மீறல் என்பதால் அந்த வழியும் இல்லை. கூடுதல் மாதத்துக்கான வாடகை எவ்வளவு, புத்தகங்கள் எந்தத் தேதியில் வந்து சேரும் என்ற இரண்டு கேள்விகளையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். பாடலின் சுருதியை மாற்றுவதற்கும், காட்சியை நீக்குவதற்கும், மேடையைப் படம்பிடிப்பதற்கும் தனித்தனியே அனுமதி தேவை. கதாநாயகியின் குரலுக்கு ஒரு பாடல் எட்டவில்லை என்பது ஆடிஷனிலேயே தெரிந்துவிடும். அந்த வாரமே எழுதிக் கேட்டால் பதில் வர அவகாசம் இருக்கும்.

3. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி நாட்காட்டி போடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் புதன் முதல் சனி வரை மாலைக் காட்சிகளும் சனிக்கிழமை பிற்பகல் ஒரு காட்சியும் நடத்துகின்றன. அப்படியானால் அந்த வாரத்துக்கு முந்தைய ஞாயிறு அரங்கத்துக்குள் பொருள்களை இறக்கும் நாள், திங்கள் தொழில்நுட்ப ஒத்திகை, செவ்வாய் முழு ஆடை ஒத்திகை. அதற்கும் ஒரு வாரம் முந்தைய ஞாயிறு வாத்தியக் குழுவோடு பாடகர்கள் முதன்முறை சேரும் நாள். இவற்றை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு மற்ற ஒத்திகைகளைப் பின்னோக்கி நிரப்புங்கள். முன்னிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால், மீதமிருக்கும் நாள்களுக்குள் கடைசி வாரங்களைத் திணிக்க நேரும். நான் பார்த்த குழப்பங்களில் பாதிக்கு அதுவே காரணம்.

மே மாத நடுவில் காட்சி என்றால் ஜனவரி முதல் வாரத்திலிருந்து காட்சி வாரத்துக்கு முன் 18 வாரங்கள் இருக்கும். அதில் பிப்ரவரி அரைப்பருவ (ஹாஃப் டேர்ம்) விடுமுறைக்கு ஒரு வாரமும், ஈஸ்டருக்கு இரண்டு வாரமும் கழியும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள் என்பதால், அந்த வாரங்களில் ஒத்திகை வைத்தாலும் பயன் இல்லை. மே முதல் திங்கள் வங்கி விடுமுறை. மே முதல் வியாழன் உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் ஆண்டாக இருந்தால், தேவாலய மண்டபங்களும் சமூகக் கூடங்களும் வாக்குச்சாவடிகளாக மாறிவிடும். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபம் இப்படிக் கைநழுவியது. கடைசி நேரத்தில் வேறு இடம் தேடி அலைந்தோம். மண்டபத்தைப் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

பதினாறு வயதினரும் பதினெட்டு வயதினரும் குழுவில் இருந்தால் மே மாதம் அவர்களுக்குப் பொதுத் தேர்வுக் காலம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதைத் தவிர்க்க நவம்பர் இறுதியில் காட்சி வைப்பதாக இருந்தால், செப்டம்பரிலிருந்து அரைப்பருவ விடுமுறை போக 11 வாரங்களே கிடைக்கும். அதே நூறு மணி நேரத்தைப் பெற வாரம் மூன்று மாலையும், இடையில் ஆறு ஞாயிறும் வேண்டும். சிறு குழந்தை உள்ளவர்கள் மூன்று மாலை வருவது கடினம் என்பதால், நான் ஜனவரித் தொடக்கத்தையே பரிந்துரைப்பேன்.

ஆடிஷன் விண்ணப்பப் படிவத்திலேயே ஒவ்வொருவரும் வர இயலாத தேதிகளை எழுதிக் கையெழுத்திடச் செய்யுங்கள். வேடம் கிடைத்த பிறகு கேட்டால் முழுப் பட்டியல் வராது. நம்மவர் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இருக்கும். அதன் ஆண்டு விழாத் தேதியையும் கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் செய்த பிறகு, இரண்டு மாலைகளை எதற்கும் ஒதுக்காமல் வெற்றாக விட்டுவையுங்கள். சளிக்காய்ச்சலோ பனிப்பொழிவோ ஒரு மாலையைக் கொண்டுபோகாத குளிர்காலம் அரிது.

4. இடமும் பணமும்

ஒத்திகை மண்டபத்துக்கு மணிக்கு 20 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், கதவு திறந்திருக்கும் நேரம் முழுவதற்கும் சேர்த்து 110 மணி நேரத்துக்கு 2,200 பவுண்டு ஆகிறது. இரண்டாவது அறை பாதி நாள்களுக்கு என்றால் இன்னும் ஆயிரம். இதோடு ஒத்திகைப் பியானோக் கலைஞரின் ஊதியம், வாத்தியக் கலைஞர்களுக்குக் காட்சிகளுக்கும் சேர்ந்து வாசிக்கும் ஞாயிற்றுக்கும் தர வேண்டிய ஊதியம், ஆடை வாடகை, ஒலிக்கருவி வாடகை எல்லாம் சேரும். சேர்ந்து வாசிக்கும் ஞாயிற்றுக்கான ஊதியம் பலருடைய திட்டத்தில் விடுபட்டுப் போகிறது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழைக் காட்டாமல் அரங்கத்தார் பொருள்களை இறக்க விடமாட்டார்கள். நோடா என்று அழைக்கப்படும் தேசிய அமெச்சூர் அமைப்பில் உங்கள் குழு உறுப்பினராக இருந்தால், குழுக்களுக்கென்றே உள்ள காப்பீட்டுத் திட்டங்களைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

இடைவேளையில் மது விற்கும் எண்ணம் இருந்து, அரங்கத்துக்கு அதற்கான உரிமம் இல்லையென்றால், தற்காலிக நிகழ்வு அறிவிப்பு என்ற படிவத்தை உள்ளாட்சி மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. குறைந்தது பத்து வேலை நாள்களுக்கு முன் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

5. குழந்தைகள் நடிக்கிறார்கள் என்றால்

ஒத்திகைப் பட்டியலை மாற்றிப்போடும் வலிமை இந்த ஒரு விஷயத்துக்குத்தான் உண்டு. கட்டாயப் பள்ளி வயதைக் கடக்காத ஒவ்வொரு குழந்தைக்கும் பொதுவாக, அந்தக் குழந்தை வசிக்கும் பகுதியின் உள்ளாட்சி மன்றத்திலிருந்து மேடை உரிமம் பெற வேண்டும். விண்ணப்பம் குறைந்தது 21 நாள்களுக்கு முன் சேர வேண்டும் என்பது விதி என்றாலும், புகைப்படம், பிறப்புச் சான்றிதழின் நகல், பெற்றோர் கையெழுத்து, பள்ளி நேரத்தில் விடுப்பு வேண்டுமானால் தலைமையாசிரியரின் கடிதம் ஆகியவை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து சேர அதற்கு முன்பே ஒரு மாதம் ஆகும். குழந்தைகள் அதிகமாக இருந்தால், போப்பா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மொத்த அனுமதியை உங்கள் குழுவின் பெயரில் கேட்கலாம். அது கிடைத்தால் தனித்தனி உரிமம் தேவைப்படாது. ஆனால் அந்த அனுமதியின் கீழ் நடிக்கும் குழந்தைகளுக்கு ஊதியம் எதுவும் தரக்கூடாது. பள்ளி விடுப்புக்கும் அந்த அனுமதி செல்லாது.

மன்றத்தின் ஒப்புதல் பெற்ற பாதுகாவலர் ஒருவர் அதிகபட்சம் பன்னிரண்டு குழந்தைகளைக் கவனிக்கலாம். தன் பிள்ளையைத் தானே பார்த்துக்கொள்ள வந்த தாயோ தந்தையோ அந்த ஒப்புதல் இல்லாமல் பிறர் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்க முடியாது. ஒப்புதலுக்கு டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்புச் சான்றும் பயிற்சியும் கேட்கப்படும் என்பதால், பாதுகாவலர்களை ஆடிஷன் முடிந்த வாரத்திலேயே தேடத் தொடங்குங்கள்.

ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் எட்டு மணி நேரமும், ஒன்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒன்பதரை மணி நேரமும் மட்டுமே அரங்கில் இருக்கலாம். இரவு 11 மணிக்குமேல் யாரையும் வைத்திருக்கக் கூடாது. ஆகவே தொழில்நுட்ப ஒத்திகையில் குழந்தைகள் வரும் காட்சிகளை, கதையின் வரிசை எப்படியிருந்தாலும், முதலில் முடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு குழந்தை அணிகளை வைத்து மாற்றி மாற்றி நடிக்கச் செய்யலாம் என்ற யோசனை கண்டிப்பாக வரும். அது பெற்றோருக்கு நல்லது. ஆனால் குழந்தைகள் வரும் ஒவ்வொரு காட்சியின் ஒத்திகையும் இரட்டிப்பாகும் என்பதை ஒப்புக்கொள்ளும் முன் எண்ணிப்பாருங்கள். இவையெல்லாம் இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ இருப்பவர்கள் தங்கள் மன்றத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. பதினைந்து வாரத்தைப் பிரிக்கும் முறை

முதல் நான்கு வாரமும் பாட்டு மட்டும். காலும் வாயும் ஒரே சமயத்தில் கற்பதில்லை என்பதால், மெட்டு நாக்கில் பதிந்த பிறகே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை ஆட்டமும் வசனக் காட்சிகளும். பத்தாம் வாரக் கடைசியில் எல்லோரும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். இந்தத் தேதியை ஆடிஷன் படிவத்திலேயே அச்சிடுங்கள்; இல்லாவிட்டால் பதின்மூன்றாம் வாரத்திலும் ஒரு கையில் புத்தகத்தோடு ஆடுவார்கள். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை ஒவ்வொரு பாகத்தையும் இணைத்து ஓட்டுவது, கடைசி இரண்டு வாரமும் நிறுத்தாமல் முழு ஓட்டம்.

இதில் ஒரு பொறி உண்டு. எப்போதும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவதால் முதல் பாகம் பளபளப்பாகவும் இரண்டாம் பாகம் அரைகுறையாகவும் இருக்கும். இறுதிக் குழுப்பாடலை இரண்டாம் வாரத்திலேயே கற்பித்துவிடுங்கள். இணைத்து ஓட்டும் வாரங்களில் ஒன்றுவிட்டு ஒரு மாலையை இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு மாலைக்கும் யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற அழைப்புத் தாளை ஒரு வாரம் முன்பே அனுப்ப வேண்டும். 7.30க்குக் குழுவினர் அனைவரும், 8.45க்கு ஆடுபவர்கள் மட்டும், அதே நேரத்தில் சிறிய அறையில் நாயகனும் அவன் தாயும் என்று எழுதினால், ஒன்றரை மணி நேரம் காத்திருந்து ஒரே ஒரு வரி பேசிவிட்டுப் போகும் நிலை யாருக்கும் வராது. அப்படிக் காக்கவைக்கப்பட்டவர்களே அடுத்தடுத்த வாரங்களில் வராமல் நின்றுவிடுகிறார்கள்.

மேடையின் அளவை ஒத்திகை மண்டபத் தரையில் குறிப்பது அவசியம். பேட்மிண்டன் கோடுகள் நிறைந்த தரையில் இன்னொரு கோடு கண்ணில் படாது என்பதால், அங்கே இல்லாத நிறத்தில் ஒட்டுநாடா வாங்குங்கள். மறுநாள் காலை யோகா வகுப்புக்காக அதை இரவே உரித்தெடுக்க வேண்டியிருக்கும். மேடையின் அகலம், ஆழம், பக்கத்திரை இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு நீளக் கயிற்றில் முடிச்சுகளாகப் போட்டு வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மாலையும் இருவர் ஐந்து நிமிடத்தில் குறித்துவிடலாம். அரங்கத்தின் மேடை மண்டபத்தைவிடக் குறுகியது என்பதை ஆடுபவர்கள் திங்கட்கிழமை இரவில் போய் அறிந்தால், எல்லா வரிசைகளையும் மீண்டும் அமைக்க வேண்டிவரும்.

7. கடைசிப் பத்து நாள்

வாத்தியக் குழுவோடு சேரும் ஞாயிற்றை நாடகக்காரர்கள் சிட்ஸ்புரோபே என்பார்கள். அன்று ஆட்டம் கிடையாது, நடிப்பு கிடையாது. எல்லோரும் உட்கார்ந்தோ நின்றோ பாடல்களை மட்டும் பாடுவார்கள். பல வாரங்கள் ஒற்றைப் பியானோவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, தாங்கள் பாடத் தொடங்கக் குறிவைத்திருந்த சுரம் இப்போது எந்த வாத்தியத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் வேண்டும். பாடல்களின் மொத்த நீளத்தைப் போல மூன்று மடங்கு நேரம் ஒதுக்குங்கள்.

திங்கட்கிழமைத் தொழில்நுட்ப ஒத்திகை ஒளி, ஒலி, திரை, அரங்கப் பொருள் ஆகியவற்றுக்கானது. ஒளி மாறும் இடங்களுக்கு மட்டும் தாவித் தாவிப் போவார்கள். அன்று நடிப்பைத் திருத்த இயக்குநர் முனைந்தால், இரவு பத்தரைக்கு இரண்டாம் பாகம் தொடங்காமலே கதவு சாத்தப்படும். அரங்கப் பணியாளர்களின் கூடுதல் நேரத்துக்கான கட்டணத்தை ஒப்பந்தத்தில் முன்பே பார்த்துவையுங்கள். ஆடை மாற்ற நாற்பது வினாடியே இருக்கும் இடங்களை மட்டும் பதினான்காம் வாரத்திலேயே மண்டபத்தில் உண்மையான ஆடையோடு பழகிவிட்டால், செவ்வாய்க்கிழமை ஆடை ஒத்திகையை நிறுத்தாமல் ஓட்டலாம்.

8. காட்சி முடிந்த மறுவாரம்

உரிம நிறுவனத்துக்கு வசூல் கணக்கை அவர்கள் சொன்ன தேதிக்குள் அனுப்ப வேண்டும். வாடகைப் புத்தகங்களை எண்ணிச் சரிபார்த்துத் திருப்ப வேண்டும்; காணாமல் போன ஒவ்வொரு பிரதிக்கும் பணம் கேட்பார்கள். பென்சில் குறிப்புகளையெல்லாம் அழித்துத் தர வேண்டும் என்பதும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. பேனாவால் எழுதியிருந்தால் அதற்கும் பணம். முதல் ஒத்திகையில் புத்தகத்தோடு கூடவே ஆளுக்கு ஒரு மென்மையான பென்சிலும் கொடுத்து, புத்தகத்தின் எண்ணுக்கு எதிரே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சி முடிந்து ஆடை மாற்றும் அறையிலிருந்து யாரும் வெளியேறுவதற்கு முன் அந்தப் பட்டியலோடு வாசலில் ஒருவரை நிறுத்தினால், புத்தகங்களைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டியிருக்காது.